பதினாலாம் நம்பர் மலைக்கு இரண்டு கொத்து

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹலீம் நானாவின் ஹோட்டலில் போடுகிற கோழிக் கொத்து ரொட்டிக்கு இருக்கும் மவுசு ஊரறிந்த சங்கதி. சுலக்ஷனாவுக்கு அது மவுசு மட்டுமல்ல, பிழைப்பு. இரண்டு வருடமாக அவள் நடத்திவரும் 'கூடை' என்ற சாப்பாட்டு ஆப்பில் வருகிற ஓடர்களில் பாதிக்கு மேல் அந்தக் கொத்துதான். அதை எடுத்துவிட்டால் கூடையில் மிஞ்சுவது நாலு பேக்கரியும் ஒரு ஜூஸ் கடையும்.

அந்தக் கொத்தின் மேல்தான் இதே தொழில் செய்கிற கொழும்புக் கம்பெனி ஒன்று கண் வைத்தது. போன மாதம் ஹட்டனுக்கு வந்து, ஊரெல்லாம் பேனர் கட்டி, பத்துப் பையன்களுக்குச் செம்மஞ்சள் சட்டை மாட்டிவிட்டது. அதன் மேனேஜர் ஹலீம் நானாவைப் பார்த்து, எங்களோடு சேர்ந்தால் வேறு எந்த ஆப்புக்கும் கொடுக்கக் கூடாது, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹலீம் நானா யார் முகத்தையும் முறிக்கத் தெரியாத மனுஷர். யோசித்து யோசித்து ஒரு போட்டி வைத்தார். மஸ்கெலியா ரோட்டில் ஐந்தாம் கட்டையில் மணிமுத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுக்கிற சண்முகவடிவு அவருடைய பழைய வாடிக்கை. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அவளை இரண்டு ஆப்பிலும் ஒவ்வொரு கொத்துக்கு ஓடர் போடச் சொன்னார், காசு தன்னுடையது என்றார். எந்த ஆப் நல்லது என்று அந்த அம்மா சொல்கிறதோ அதற்கே கொத்து.

இதைக் கேட்டதும் சுலக்ஷனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோட்டத்து வீடுகளுக்கு ஏது ரோட்டுப் பெயரும் வீட்டு நம்பரும்? கொழும்புக் கம்பெனியின் வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டால், இருநூறு குடும்பத்துக்கும் சேர்த்து இடம் காட்டும் சிவப்புப் பொட்டு தேயிலை ஃபெக்டரி வாசலில் போய் விழும். அவளுடைய கூடை அப்படியல்ல. தோட்டம், பிரிவு, வரிசை வீடான லயம், அதில் எந்த அறை என்கிற காம்பரா என்று நாலு கட்டம் போட்டுக் கேட்கும். அவளே லிந்துலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். லயத்தைப் பற்றி எனக்கா சொல்லித் தரப் போகிறார்கள் என்ற தெனாவெட்டு அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

புதன்கிழமை பதினொன்றரைக்குக் கல்லாவில் இரண்டு பொட்டலமும் ஒன்றாக வந்தன. ஒன்றைச் செம்மஞ்சள் சட்டைக்காரன் கிஷாந்த் எடுத்துக்கொண்டு புது பைக்கில் பறந்தான். மற்றதைச் சுலக்ஷனாவே தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டாள். இந்த ஓட்டத்துக்கு வேறு ஆளை அனுப்ப மனசு வரவில்லை.

சண்முகவடிவு கொடுத்த விலாசம் மேட்டு லயம், ஏழாம் காம்பரா. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் போய் நின்றாள். கதவில் பூட்டு. பக்கத்து காம்பராவிலும் பூட்டு. லயம் முழுக்க இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பூட்டு. கொடியில் துணி காய்ந்தது, ஒரு நாய் படுத்தபடியே தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதன்கிழமை பகலில் லயத்தில் யார் இருப்பார்கள்? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். சண்முகவடிவு ஆப் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் போட்டிருந்தாள். கேள்வி கேட்டவள்தான் மடைச்சி. போன் அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. கொழுந்து எடுக்கிற கை போனை எடுக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

முகம் செத்துப்போய்க் கீழே இறங்கி வந்தால், ஃபெக்டரி கேட்டில் கிஷாந்த் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டானாம். பொட்டை விட்டுப் பத்தடி நகர்ந்தாலும் போன் சத்தம் போடுகிறது, ஓடரை ரத்து செய்து பெயரில் கறுப்புப் புள்ளி வைத்துவிடும் என்றான்.

"இதுல பெரிய கூத்து என்னன்னா, நான் இதே தோட்டத்துல பொறந்தவன்க்கா. வடிவு அத்தை எங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். போனுக்குத்தான் தெரியல."

சுலக்ஷனா தயங்கினாள். எதிராளியிடம் போய் வழி கேட்பதா? ஆனால் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, தான் பூட்டைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னாள். கிஷாந்த் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, இன்றைக்குக் கொழுந்து எடுப்பது பதினாலாம் நம்பர் மலையில், பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்க எல்லாரும் மடுவத்துக்கு வருவார்கள் என்றான். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் தன் போனையே பார்த்தான்.

"இங்க நிக்க வேண்டியது போன் தானே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, கேட்டில் நின்ற வாச்சர் அழகுமுத்துவின் கையில் அதைக் கொடுத்தான். "மாமா, எங்கயும் போயிராதீங்க. நான் வந்து பட்டனை அமுக்குறேன்."

அழகுமுத்து அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கிஷாந்த் பொட்டலத்தோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டான்.

கற்சாலையில் ஸ்கூட்டர் முக்கி முனகி மலை ஏறியது. ஓரிடத்தில் கிஷாந்த் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மடுவம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அங்கே கொழுந்து நிறுத்துவிட்டு இருபது பெண்கள் மதியச் சாப்பாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மஞ்சள் சட்டையும் கூடைக்காரியும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

சண்முகவடிவு கைகழுவிவிட்டு வந்து இரண்டு பொட்டலத்தையும் பிரித்தாள். ஆவி கொஞ்சம் எழும்பியது. முதல் வாயைத் தின்றுவிட்டு இரண்டையும் நடுவில் வைத்து எல்லாரையும் எடுக்கச் சொன்னாள். ஆளுக்கு ஒரு பிடி. அதற்குள் ஹலீம் நானாவுக்குப் பொறுமை தீர்ந்துபோய் அவரே போன் அடித்துவிட்டார். சண்முகவடிவு ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு முந்தி வந்தது தங்கச்சி?"

"ரெண்டும் ஒரே ஸ்கூட்டர்ல வந்துச்சு நானா. கொழும்புக்காரங்க போனு ஃபெக்டரி கேட்டுல நிக்குதாம்."

"அப்ப நான் யாருக்குக் குடுக்கிற?"

சண்முகவடிவு தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தாள். "நானா, விடியக்காலைல சுட்ட ரொட்டியத்தான் பன்னெண்டு மணிக்குத் திங்கிறோம். இருவத்திமூணு வருசமா இந்த மலையில வேல செய்றேன். மலையில வச்சு சூடா ஒரு வாய் தின்னது இன்னிக்குத்தான். யாரு நாளைக்கும் மலைக்கு ஏறி வர்றாங்களோ அவங்களுக்குக் குடுங்க."

ஹலீம் நானா போனிலேயே, "மகள், ஏறுவீங்களா?" என்று சுலக்ஷனாவைக் கேட்டார்.

"ஏறுவேன் நானா," என்றாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் கண் அந்தக் காய்ந்த ரொட்டியை விட்டு நகரவில்லை. அவளைப் படிக்க வைத்த அம்மா இன்றைக்கும் லிந்துலையில் கொழுந்து எடுக்கிறாள். பகலில் அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கீழே இறங்கி வந்தபோது அழகுமுத்து வைத்த இடத்தில் வைத்தபடி நின்றிருந்தார். கிஷாந்த் பட்டனை அமுக்கினான். உரிய இடத்தில் சரியாகச் சேர்த்ததற்குப் போன் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அந்த வாரக் கடைசியில் அவன் செம்மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடையில் சேர்ந்தது வேறு கதை.

அன்று சாயங்காலமே சுலக்ஷனா ஆப்பில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: இன்றைக்கு எத்தனையாம் நம்பர் மலை? அரை மணி நேரத்தில் மணிமுத்துத் தோட்டத்திலிருந்து மறுநாளுக்குப் பதினெட்டுக் கொத்துக்கு ஓடர் வந்து விழுந்தது. ஹலீம் நானா கோழி போதுமா என்று எண்ண ஓடினார்.

சுலக்ஷனா அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த நேரத்தில் மகள் கூப்பிட்டதில் அம்மா கொஞ்சம் பயந்துபோய், என்னம்மா, ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் சுலக்ஷனா. "நாளைக்கு நீங்க எத்தனையாம் நம்பர் மலை?"