இரும்புக் குப்பியின் காது

நடுக்காதில் மூன்று எலும்புகள் உண்டாம். செவிப்பறை அசைந்ததும் ஒன்றையொன்று தட்டிச் சத்தத்தை நொடியில் உள்ளே அனுப்பிவிடுமாம். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் ஒரு கோப்பு மூன்று மேசை தாண்ட மூன்று யுகம் ஆகும்.

என் எலும்புகள் மூன்றும் செத்துவிட்டன என்பது மனைவியின் தீர்ப்பு. காதில் மாட்டும் கருவிக்கு நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு நண்பர்கள் முன் நடப்பதைவிடக் காட்டுக்கே ஓடிவிடலாம்.

மருமகளுக்குக் காது சோதிக்கும் கூடத்தில் வேலை. "அளந்து பாத்துடலாம் மாமா" என்று ரப்பர் முனை ஒன்றைக் காதில் அடைத்தாள். "பேசாதீங்க, எச்சில் முழுங்காதீங்க. 'ம்ம்'னு ஒரு சத்தம் போகும். செவிப்பறை அதை எவ்வளவு உள்ள விடுதுன்னு திரையில கோடு வரும். நல்ல காதுன்னா மலை மாதிரி எழும்பும்."

எனக்குக் கொசுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரையில் கோடு, புதிதாகப் போட்ட தார்ச்சாலை போலப் படுத்துக் கிடந்தது.

"மாமா... அசைவே இல்லையே."

"நான் சொன்னப்ப நம்பினீங்களா?" மனைவி தேர்தலில் ஜெயித்தவள் போல நிமிர்ந்தாள். "சுவத்துக்கிட்ட பேசியிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்."

மருமகள் நெற்றியைச் சுருக்கினாள். "இவ்வளவு தட்டையா மனுஷக் காது வராதே..." வயரைப் பிடித்துக்கொண்டே போனவள் தலையில் கை வைத்தாள். "ஐயோ! காலையில மெஷினைச் சரிபார்க்க இன்னொரு முனையை இந்த இரும்புக் குப்பியில சொருகினேன். சுவிட்சை மாத்தவே இல்ல. இவ்வளவு நேரம் குப்பியைத்தான் அளந்திருக்கோம்!"

"பெரிய வித்தியாசம் ஒண்ணும் இருக்காதும்மா" என்றாள் மனைவி.

சுவிட்ச் மாறியது. ஆயிரம் யானைகள் காதுக்குள் முனகின. கோடு எழும்பிய வேகத்தில் திரையைப் பொத்துக்கொண்டு கூரையைத் தொட்டிருக்கும். அடுத்து வைத்த சத்தச் சோதனையில், பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தாலும் எனக்குக் கேட்கும் என்று தெரிந்தது.

"இருபது வயசுக் காது மாமா!"

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கருவியாவது, நிறமாவது! மனைவி திரைக்கு அருகே போய்க் கோட்டை உற்றுப் பார்த்தாள். தோற்றுவிட்டாள், பாவம்.

"அந்தப் படத்தை ரெண்டு காப்பி எடும்மா."

"ரெண்டு எதுக்கு அத்தை?"

"சமையல்கட்டுல ஒண்ணு. இவர் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு எதிர்ல ஒண்ணு."

அன்று மாலை உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னங்க, குப்பைய வெளிய வச்சீங்களா?"

வழக்கம்போல் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினேன். எதிர்ச் சுவரில் மலை கம்பீரமாக நின்றது.

எழுந்து போய்க் குப்பைக் கூடையைத் தூக்கினேன்.