பெனால்டி இல்லை

"பெனால்டீ...!" கேலரி முழுவதும் ஒரே தொண்டையாக வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. கோலுக்கு முன்னால் உள்ளூர் அணியின் முன்கள வீரன் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

விசில் நடுவரின் உதட்டில்தான் இருந்தது. அவள் ஊதவில்லை.

வார நாட்களில் அவள் பல் மருத்துவமனை நர்ஸ். ஊசியை எடுக்கும் முன்பே ஊரைக் கூட்டுகிறவர்களைத் தினமும் பார்ப்பவள். ஆனால் ஒரு வாயின் அலறல் வேறு, ஆயிரம் வாயின் அலறல் வேறு. முதல் பாதியில் இதே சத்தத்தில் ஆடிப்போய், சரியாகப் பார்க்காத ஒரு மோதலுக்கு வெளியூர்க்காரனிடம் மஞ்சள் அட்டையை நீட்டிவிட்டாள். கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. அது என் கையா, கேலரியின் கையா? இடைவேளை முழுக்க மனதைக் குடைந்தது. அப்போதுதான் உள்ளூர் கிளப் செயலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"ஜனங்க மனசு கோணாம பாத்துக்கம்மா. அடுத்த சீசனுக்கு யாரைக் கூப்பிடறதுங்கறது எங்க கையிலதான் இருக்கு."

இந்த முறை அவள் பார்த்திருந்தாள். விழுந்தவன் காலுக்கும் அவனைத் தடுக்க வந்த வெளியூர்க்காரன் காலுக்கும் நடுவே ஒரு செருப்பு நுழையும் இடைவெளி. 'ஆடுங்கள்' என்று கையை வீசினாள்.

உள்ளூர் அணிக் கேப்டன் பாய்ந்து வந்தான். "அக்கா, இத்தனை பேரு பாத்திருக்காங்க! உங்களுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?"

"இத்தனை பேருக்கும் சேத்து விசில் ஒண்ணுதான் தம்பி. அது என் வாயில இருக்கு. போய் ஆடு."

தண்ணீர் பாட்டில் ஒன்று காலடியில் வந்து விழுந்தது. அதைக் கோட்டுக்கு வெளியே எத்திவிட்டு ஓடினாள். "கண் டாக்டர்கிட்ட போடீ!" என்று யாரோ ஒருவன் கத்தினான். பல் டாக்டரே போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளூர் அணி தோற்றது. நடுவரின் அறைக்குள் செயலாளர் புயலாக நுழைந்தார். அந்த முன்கள வீரனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு.

"நாளைக்கே நடுவர் சங்கத்துல புகார் குடுத்து உன் விசிலைப் புடுங்கறேன் பாரு!"

"குடுங்க சார். அந்த மஞ்சள் அட்டையையும் சேத்துச் சொல்லுங்க. அது தப்பு. உங்க ஆளுங்க சத்தத்துக்குப் பயந்து காட்டினது. ரெண்டாவது தடவை பயப்படல, அவ்வளவுதான்."

அவர் முகம் சிவந்தது. வெளியே கதவை யாரோ உதைத்தார்கள். "வாயைப் பாரு! டேய், நீ சொல்றா, அவன் எங்க இடிச்சான்? காட்டு!"

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். பிறகு அவளை.

"யாரும் தொடலை சார். கேலரிலேர்ந்து அவ்வளவு சத்தம் வந்துச்சு... அதுக்கப்புறந்தான் நான் விழுந்தேன்."