மணி முள் மறைக்காத கடிகாரம்

கீல் கம்பெனியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அடுத்த நொடி ஒரு மணி. நடுவில் எதுவும் கிடையாது. பன்னிரண்டு அடித்ததும், மெஷின் முன்னால் நிற்பவரிலிருந்து வாசலில் சாவியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி வரை, கம்பெனி கடிகாரம் கட்டிய அத்தனை பேரும் இருந்த இடத்தில் இல்லாமல் போவார்கள். ஒரு மணிக்கு அதே இடத்தில், தூக்கிய கால் தூக்கியபடி, பாதியில் நின்ற தும்மலை முழுதாகத் தும்மிக்கொண்டு வந்து சேருவார்கள். எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் முதல் வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் கம்பெனி தன் ஊழியர்களுக்கு ஆசையாகக் கொடுத்த பரிசுதான்.

அந்தக் கம்பெனி கதவுக் கீல் செய்கிறது. அதன் லோகோவும் விரித்து வைத்த ஒரு கீல்தான். முதலாளி கண்ணுக்கு மட்டும் அது பட்டாம்பூச்சி. புதிதாக வந்த யாராவது "கீல் அம்சமா இருக்கு சார்" என்று சொல்லிவைத்தால் அன்றைக்கு முழுவதும் அவர் முகம் கடுகடுவென்றிருக்கும். அதனால் எல்லாரும் பட்டாம்பூச்சி என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். கம்பெனிக்கு இருபத்தைந்து வயது ஆனபோது ஊழியர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று கூட்டம் போட்டார்கள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும், தான் இருமியதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். கடைசியில் கைக்கடிகாரம் என்று முடிவாயிற்று. நேரத்துக்கு வருவான், கையைப் பார்க்கும்போதெல்லாம் கம்பெனி ஞாபகம் வரும், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நம்ம பட்டாம்பூச்சியோடு போவான் என்று முதலாளி விரல் விட்டு எண்ணினார். யாரிடம் செய்யக் கொடுப்பது என்கிற தலைவலி பர்சேஸ் ஆபீசருக்கு வந்தது.

பர்சேஸ் ஆபீசர் போல்ட்டும் கிரீஸும் வாங்கிப் பழகிய மனிதர். வாயைத் திறக்காதவன்தான் வேலையில் நிலைப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், நிரந்தரமாக இரவு வேலை. கம்பெனியில் ஐந்து மணி என்பது பேச்சுக்குத்தான், முதலாளி எட்டு வரை விடமாட்டார். இவர் வீட்டுக்கு வரும்போது அவள் போயிருப்பாள், அவள் வரும்போது இவர் கிளம்பியிருப்பார். வார விடுமுறையும் அவருக்கு ஒரு நாள், அவளுக்கு வேறொரு நாள். வீட்டில் ஒருவருக்கொருவர் விட்டுவைத்துப் போனது ஈரத் துண்டும் கழுவாத டம்ளரும்தான். அதனால் தினமும் பன்னிரண்டு மணிக்கு அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து, சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கும் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். சாப்பாடு, சண்டை, சமாதானம், கேஸ் தீர்ந்துபோன சேதி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். இத்தனை வருஷமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த பெஞ்சில்தான். அந்த மணி நேரம் இல்லையென்றால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிடலாம்.

எதை வாங்குவதானாலும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும் என்பது கம்பெனி விதி. முதலில் வந்தவர் கொளுத்துகிற வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கடிகாரத்தின் முகத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்குமாம், வேண்டுமானால் பட்டாம்பூச்சியைப் பின்பக்கம் போடலாமாம். "எங்க பூச்சி என்ன முதுகிலயா ஊரணும்?" என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். இரண்டாமவர் மேஜையில் வைத்த சாம்பிள் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோயிற்று. அவர் அதை நகத்தால் தட்டிவிட்டு, "சாம்பிள்தான சார், அப்படித்தான் இருக்கும்" என்று அசடு வழிந்தார். ஆனாலும் அவர் விலை குறைவு என்பதால் முதலாளி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்போது மணி பன்னிரண்டரை. பட்டாம்பூச்சியைப் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் அச்சடித்திருந்தார்கள். அதன் மேல் மணி முள் ஏறி உட்கார்ந்திருந்தது.

முதலாளிக்கு வந்ததே கோபம்! நிமிட முள்ளை அவர் மன்னித்துவிட்டார். "அது ஒல்லி, வந்தா உடனே போயிடுது. இந்தக் குண்டு முள் பாருங்க, ஒரு மணி நேரம் நம்ம லோகோ மேல குந்திக்கிட்டு நகர மாட்டேங்குது. மணி முள் லோகோவை மறைக்கவே கூடாது. ஆர்டர்ல எழுதுங்கய்யா." மணி முள் என்றால் வட்டம் முழுக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்பது பர்சேஸ் ஆபீசருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போன யாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு: எந்தச் சப்ளையர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல் வருகிறதோ, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். இரண்டாமவர் சிரித்தார், முடியாது என்றார், போனார். மூன்றாவது சப்ளையரை எல்லாரும் ஆயிடும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அந்த இரண்டு சொல்தான். அட்டைப் பெட்டி? ஆயிடும் சார். தோல் பட்டை? ஆயிடும் சார். மணி முள் லோகோ மேல் போகக் கூடாது? அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஆயிடும் சார்" என்றார். சாதாரணக் கடிகாரத்தைத்தான் கொண்டுவந்து தலையில் கட்டுவார், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பர்சேஸ் ஆபீசர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஆயிடும் சார் நாணயமானவர். சொன்னதைச் செய்துவிட்டார்.

விழாவன்று எல்லார் கையிலும் கடிகாரம் ஏறியது. கம்பெனிக்குள் அதைக் கட்டியே தீர வேண்டும், கட்டாதவனுக்கு அன்று ஆப்சென்ட் என்று முதலாளி ஆணை போட்டார். அவர் மட்டும் தன் மாமனார் போட்ட வெளிநாட்டுக் கடிகாரத்தைக் கழற்றவில்லை. மறுநாள் பன்னிரண்டு அடித்தது. முற்றத்தில் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார் பர்சேஸ் ஆபீசர். கம்பிகளுக்கு அப்பால் மனைவி டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அவர் எடுத்து வைத்த அடுத்த அடியில் அந்தச் சிரிப்பைக் காணோம். கண் சிமிட்டும் நேரத்தில் அவள் முகம் வெயிலில் வாடி, கண் சிவந்து, உதடு காய்ந்துபோயிருந்தது. அவர் பயந்துபோய் ஓடினார்.

"எங்கங்க போனீங்க? இங்கதான நடந்து வந்துட்டிருந்தீங்க, அப்படியே காணாமப் போயிட்டீங்க! ஒரு மணி நேரமா கம்பியைப் பிடிச்சிட்டுக் கத்துறேன்."

"நான் எங்கயும் போகலம்மா. இப்பத்தான் பன்னெண்டு அடிச்சுது."

அடித்தது ஒரு மணி. காவலாளி கேட்டைத் திறக்கப் பார்த்து, கையைப் பார்த்து, திறக்காமலே உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் காலியான வயிற்றோடு மெஷினுக்குத் திரும்பினார்கள். நாலு நாள் இப்படியே போனதும் நாலு பேர் துணிந்து முதலாளியிடம் போய், சாப்பிட நேரமே வரவில்லை என்றார்கள். அவர் தன் கண்ணாடி அறையிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பன்னிரண்டு அடித்ததும் ஹால் முழுக்கக் காலியாவதை! "ஒரு மணி நேரம் ஒரு ஈ காக்கா இல்ல. தின்னுட்டு வந்து தின்னலைங்கிறீங்களா? உங்களுக்கு என்ன, ரெண்டு வயிறா?" என்று காதில் பூ சுற்றாதே என்கிற பாவனையில் துரத்திவிட்டார். பர்சேஸ் ஆபீசர் ஆயிடும் சாருக்குப் போன் போட்டார். "மணி முள் லோகோ மேல போகுதா சார்?" என்று கேட்டார் அவர். போகவில்லை என்றார் இவர். "அப்புறம் என்ன சார்? கேட்டதைத்தான் செஞ்சிருக்கேன்." அவரை எப்படிக் குறை சொல்வது?

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பத்து மணிக்கே மறைவாக நாலு வாய் போட்டுக்கொண்டார்கள், மெஷின் எண்ணெய் வாசனையோடு. பர்சேஸ் ஆபீசரால்தான் முடியவில்லை. பசி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், பெண்டாட்டியைப் பத்து மணிக்கு மறைவாக நாலு வாய் பார்க்க முடியுமா? ஒரு நாள் அவர் பாத்ரூமுக்குள் போய்க் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு அடித்தது. வெளியே வந்தால் மெஷின்கள் தனியாக நின்றன, டீ ஆறிக்கொண்டிருந்தது, நாற்காலிகளில் ஆள் இல்லை. அவர் கேட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது, சாவி காவலாளியின் பையில், காவலாளி எங்கே என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கம்பிகளுக்கு நடுவே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுதாள், அவரும் அழுதார். அவள் டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை நீட்டும்போது மேலேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"அடடே! எல்லாரும் சோத்துக்கு ஓடிட்டான், நீங்க ஒருத்தர்தான் பொறுப்பா நிக்கிறீங்க. வாங்க மேல, நிறைய வேலை இருக்கு!"

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்கு முதலாளி அவரைத் தேடினார். கடிகாரத்தைக் கட்டினால் மனைவி இல்லை, கழற்றினால் முதலாளி. அந்த அறையில் அவர் பார்த்த வேலை பெரும்பாலும் தலையாட்டுவதுதான். ஒரு நாள் காலையில் முதலாளி அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தை உற்றுப் பார்த்து, "பூச்சி ரொம்பச் சின்னதா இருக்குய்யா, கண்ணாடி போட்டாத்தான் தெரியுது" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஒரு மணிக்குக் கீழே இறங்கியவர், திரும்பிப் போகத் தயாராக நின்ற மனைவியிடம் கம்பி வழியாக அதைச் சும்மா சொல்லிவைத்தார். அவள் அன்றைக்குச் சரியான கோபத்தில் இருந்தாள். இரவெல்லாம் நின்ற கால், பகலெல்லாம் காத்த கால்.

"சின்னதா இருக்காமா? பெருசாவே போட்டுக் குடுங்களேன். ஒன்பதுல ஆரம்பிச்சு அஞ்சு வரைக்கும் அந்தப் பூச்சி றெக்கையை விரிக்கட்டும். நீங்கதான வாங்கினீங்க இந்தக் கண்றாவியை? நீங்களே சரி பண்ணுங்க."

பர்சேஸ் ஆபீசர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக மேலதிகாரி கேட்காமல் வாயைத் திறந்தார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வழியாக ஐந்து வரை படர்ந்த ஒரு கீலை வரைந்து கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தார். முதலாளிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விதிப்படி மூன்று பேரிடம் விலை கேட்டார்கள். இரண்டு பேர் முடியாது என்றார்கள். மூன்றாமவர் என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கடிகாரம் வந்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பெனியே காலியாயிற்று. காவலாளி கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட கையோடு காணாமல் போனார். வேலை நேரத்தில் யாரும் நழுவிவிடாமல் கேட்டைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது முதலாளியே போட்ட உத்தரவு. ஐந்து மணிக்கு எல்லாரும் குளித்துவிட்டு வந்தவர்கள் போலப் புத்துணர்ச்சியோடு வந்து சேர்ந்தபோது, அவர் தொண்டை கட்டிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கத்தித் தீர்த்தார். "எல்லாரும் நேரத்துக்கு வந்தோம் சார், அட்டெண்டன்ஸ் மெஷின்ல பதிவாகியிருக்கு" என்றார்கள். பர்சேஸ் ஆபீசர் பணிவாக, "மணி முள் லோகோவை மறைக்கவே கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க, இப்ப மறைக்கவே இல்ல" என்றார். முதலாளி ஆயிடும் சாரைக் கூப்பிட்டனுப்பினார். "மாத்திடலாம் சார், ஆயிடும் சார். லோகோவை எவ்வளவு சின்னதாக்கணும்?" என்று கேட்டார் அவர். முதலாளி வாயைத் திறந்தார். தன் பட்டாம்பூச்சியைப் பற்றிச் சின்னது என்ற சொல்லை அவரால் கடைசி வரை சொல்ல முடியவில்லை. கடிகாரம் கட்ட வேண்டாம் என்று சொன்னால் தான் செய்தது தப்பென்று ஆகிவிடுமே என்று அதையும் சொல்லவில்லை. "கீல் யார் செய்யறது?" என்று மட்டும் கேட்டார். கீலா, அதுவும் ஆயிடும் சார். அவர் எங்கேயோ செய்து, லோகோ ஒட்டி, காலை எட்டரைக்கே இறக்கிவிட்டுப் போனார். வாங்கியவர்கள் யாரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை. கதவுகள் முன்பு போலவே கிறீச்சிட்டன.

இப்படியே வருஷங்கள் ஓடின. அந்த மணிகளில் இல்லாதவர்களுக்கு அந்த மணிகளின் வயதும் ஏறவில்லை. பர்சேஸ் ஆபீசருக்கு இன்னும் தலை கறுப்பாகவே இருக்கிறது, முதலாளிக்குப் பஞ்சாக வெளுத்துவிட்டது. அவர் ஒன்பதிலிருந்து ஐந்து வரை தனியாளாகப் போன் எடுக்கிறார், டீ போட்டுக்கொள்கிறார், யாருமில்லாத ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். பன்னிரண்டு மணிக்கு டிரைவர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து கம்பிகளுக்கு நடுவே நீட்டுவார். முதலாளி அங்கேயே நின்று, எதிரே இருக்கும் காலி பெஞ்சைப் பார்த்தபடி சாப்பிடுவார். வெளியே போக ஆசைதான், சாவி காவலாளியிடம் இருக்கிறது.

நர்ஸ் இப்போது பகலில் நன்றாகத் தூங்குகிறாள். ஐந்து மணிக்குத்தான் பெஞ்சுக்கு வருகிறாள், தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு. எட்டு மணி வேலைக்குப் போகும் வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது. செய்ய வேலை இல்லாத இடத்தில் யாரையும் பிடித்து வைக்கவும் முடியாது. ஐந்து அடித்ததும் முதலாளி ஓடிவந்து கேட்டருகே நின்றுகொள்வார். காலையிலிருந்து ஒரு மனிதரோடும் உட்கார்ந்து பேசாத வாய் அது. வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, கையைக்கூடப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்.

"இனிமேதான் சார்" என்பார் பர்சேஸ் ஆபீசர். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து பெஞ்சுக்குப் போவார்.