மிளகுச் சான்றிதழின் எண்

முனா வாய்மொழித் தேர்வு அறைக்குள் நுழைந்தபோது, மேசைமேல் கறுப்பு அட்டை போட்ட அவளுடைய ஆய்வேடு விரிந்து கிடந்தது. நூற்றுப் பதினேழாம் பக்கம். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தேர்வாளராக வெளியிலிருந்து யாரோ பேராசிரியர் வருவார் என்றுதான் வழிகாட்டி வாக்லே சொல்லியிருந்தார். வந்திருந்தவரோ தீர்த்தமான் கார்க்கி. ஓய்வுபெற்ற அதிகாரி. இப்போது மிளகு ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசகர். அவளுடைய ஊரான நேபாளத்து ஜாப்பாவின் பஜாரில் அவர் வண்டி வந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பதை அவள் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடம் சர்வதேசப் பொருளாதாரம் படித்து முனா எழுதிய ஆய்வு அது. நேபாளத்தில் விளைந்த மிளகு என்று சான்றிதழ் இருந்தால் இந்தியாவுக்குள் வரியில்லாமல் போகும். வியட்நாம் மிளகுக்கு வரி உண்டு. ஜாப்பாவில் உள்ள மிளகுக் கொடிகள் எத்தனை, அவை எவ்வளவு காய்க்கும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுதினாள். சான்றிதழ்களில் இருந்த மிளகு அதைப்போல் ஒன்பது மடங்கு. மீதியெல்லாம் பெயர் மாற்றி வந்த வியட்நாம் மிளகு.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருந்தது அப்படி ஒரு சான்றிதழின் நகல். அதை அவளிடம் கொடுத்தவர் அவளுடைய அப்பா பீதாம்பர். வணிகர் சங்க அலுவலகத்தில் அவற்றைத் தட்டச்சு செய்பவர். பெயரையும் கையெழுத்தையும் முனா கறுப்பு மையால் மூடினாள். எண்ணை மூடவில்லை.

"நம்பர மூடாதே, நானி. நம்பர் இல்லாத காகிதத்த யாரு நம்புவா?" என்று அப்பா, மகளை வழக்கம்போல் 'நானி' என்று செல்லமாக அழைத்து, போனில் சொல்லியிருந்தார். ஆதாரத்தைச் சரியாகக் காட்டாதது ஆய்வே இல்லை என்று வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஏட்டைக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணை வைத்துப் பதிவேட்டைப் புரட்டினால் போதும், யார் தட்டச்சு செய்தது என்று தெரிந்துவிடும். அதே அலுவலகத்து கஜுரேல், போன மழைக்காலத்தில் ஒரு லாரிச் சரக்கைப் பற்றிக் கேள்வி கேட்டவர், நாலாம் நாள் கால்வாயில் பிணமாகக் குப்புறக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தாராம். கஜுரேல் குடித்து யாரும் பார்த்ததில்லை.

கார்க்கி ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ப் பொண்ணா? வெரி குட். உக்காரும்மா." விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பக்கத்தின் மேல் பிடித்தார். 'டிக்' என்றது. "ஒரிஜினல் மாதிரியே இருக்கே. யாரு குடுத்தா?"

"சார், அடையாளம் சொல்லக்கூடாதுங்கறது ஆய்வு நெறி..." என்றார் வாக்லே.

"நெறியெல்லாம் தெரியும், டாக்டர் சாப். பொண்ணே சொல்லட்டும்."

முனா கறுப்பு மை மூடிய பெயரைப் பார்த்தாள்.

"யாரும் குடுக்கல சார். நானே பண்ணினேன்."

வாக்லேயின் பேனா நின்றது. "என்னம்மா உளர்றே?"

"கம்ப்யூட்டர்ல பண்ணினேன். நம்பர் சும்மா போட்டது."

"அப்ப இந்த ஒம்பது மடங்கு?" என்றார் கார்க்கி, ஒரு சுளையை வாயில் போட்டபடி.

"அதுவும்தான் சார்."

கார்க்கி சிரித்தார். "கைவேலை பிரமாதம். முத்திரைகூட அச்சு அசல்." போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். படத்தை அழிக்கவில்லை.

வாக்லே அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ எழுதிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே வெயிலில், கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக அப்பா காத்திருந்தார். மகளின் தேர்வுக்காகப் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"நம்பரப் பாத்தாங்களா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"என்ன சொல்றீங்க, புவா?" அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாக்கட்டும்னுதானே மூட வேணாம்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கஜுரேலோட பசங்க பஜார்ல எதிர வந்தா, நான் வேற சந்துல திரும்பிடறேன், நானி. எனக்கு வாய் வரல. உன் புஸ்தகத்துல ஏறிட்டா யாரும் அழிக்க முடியாதுல்ல? என்னக் கேட்டா சொல்லிடுவேன். யாராவது கேக்கணும், அவ்வளவுதான்."

மாடி ஜன்னலில் கார்க்கி போனைக் காதில் வைத்து நின்றார். பார்வை கீழே அவர்கள்மேல்தான் இருந்தது. முனா அப்பாவை மறைத்து நின்றாள்.

"பாத்தாங்க, புவா."

அவர் மூச்சு விட்டார். அவ்வளவு நீளமான மூச்சை அவள் அவரிடம் கேட்டதில்லை. "அப்ப சரி. வா, டீ குடிக்கலாம்."

ஆய்வேடு நிராகரிக்கப்பட்டதை மறைத்து, திருத்தம் கேட்டிருக்கிறார்கள், பட்டம் கொஞ்சம் தாமதமாகும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தாள். அதன்பின் பதினான்கு மாதம், ஜாப்பாவிலிருந்து போன் அடித்தால், எடுத்ததும் "புவாவா?" என்றுதான் கேட்பாள். கடைசியில் அப்பாவைக் கொண்டுபோனது நெஞ்சுவலிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கையைப் பிடித்தபடி.

அதுவரை ஒவ்வொரு வாரமும் கேட்பார்: "யாராச்சும் வந்து கேட்டாங்களா, நானி?"

"இன்னும் இல்ல, புவா."

"வருவாங்க," என்பார்.