கன்னத்தில் ஒன்று

நாலைந்து வக்கீல்கள் கைவிரித்த பிறகுதான், தன் வழக்கைத் தானே நடத்துவது என்று வெர்லீன் டப்ஸ் துணிந்தாள். வேறு வீடென்று தவறி இவள் வீட்டுக்குள் நுழைந்த போலீஸ்காரன், கேள்வி கேட்டவளின் கையை முறுக்கித் தோளை உடைத்துவிட்டான். தன் குடிமை உரிமையையே மிதித்துவிட்டான் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள்.

ஒத்திகைக்குத் துணை லூவெல்லா. ஒரே சர்ச்சில் பாடுகிறவள், கூடப்பிறந்த தங்கைக்கும் மேல். சர்ச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே போலீஸ் தரப்பு வக்கீலாக நடிப்பாள்.

"மறைக்காம சொல்லுக்கா. எந்தக் கேள்விக்கு உனக்கு வயித்தக் கலக்குது?"

"வலி தாங்காம அவன் கன்னத்துல ஒண்ணு வெச்சிட்டேன்டி. முறுக்கின பிறகுதான்."

வக்கீலிடம் சொன்னால் அது வெளியே போகாது. சிநேகிதியிடம் சொன்னதற்குச் சட்டத்தில் அந்தக் காப்பு இல்லை. இது தெரிந்திருந்தாலும் வெர்லீன் சொல்லியிருப்பாள், லூவெல்லா ஆயிற்றே.

எதிர்த்தரப்பு சாட்சிப் பட்டியலில் லூவெல்லாவின் பெயரைப் பார்த்தபோதுகூட, ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தாள்.

"போலீஸ்காரர் கன்னத்துல அடிச்சேன்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க" என்றாள் லூவெல்லா, கூண்டில் நின்று.

ஜூரி மொத்தமும் வெர்லீனைத் திரும்பிப் பார்த்தது. பாவி, பாதியை விழுங்கிவிட்டாளே.

குறுக்கு விசாரணை உண்டா என்று நீதிபதி கேட்டார். மற்றவர்களுக்கென்றால் வக்கீல் எழுந்திருப்பார், அவர்கள் தலையைக் குனிந்துகொள்ளலாம். வெர்லீன் தானே எழுந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அவன் என் கைய முறுக்கின பிறகுதான் அடிச்சேன்னு சொன்னேனா இல்லையா, லூவெல்லா?"

"ஞாபகம் இல்ல, மேடம்."

மேடமாம். இதோடு உட்கார்ந்தால் வழக்கு போச்சு.

லூவெல்லாவின் மகன் கஞ்சாவோடு பிடிபட்டது சர்ச்சில் ஒருவருக்கும் தெரியாது. வெர்லீன் மடியில் விழுந்து அழுதபோது லூவெல்லா சொன்னது. செத்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று வெர்லீன் சத்தியம் செய்திருந்தாள். இன்று பின்வரிசையில் பாதி சர்ச் உட்கார்ந்திருந்தது, மகனும்தான்.

"உங்க மகன் டேரியன் மேல போலீஸ் போட்ட கேஸ் என்ன ஆச்சு?"

லூவெல்லாவின் முகம் வெளுத்தது. "எடுத்துட்டாங்க."

"எப்போ? நீங்க சாட்சி சொல்ல ஒத்துக்கிட்ட பிறகா?"

"வேணாங்க்கா" என்றாள், உதடு மட்டும் அசைய.

"சத்தமா பதில் சொல்லுங்க, மேடம்" என்றாள் வெர்லீன்.