கால் கட்டிய வைத்தியரைப் பற்றி ஆமினா உம்மா சொன்னது

தெரியும் என்று எழுதுவதா, தெரிந்திருக்கும் என்று எழுதுவதா, இரண்டும் ஒன்றில்லையே, முருகேசு முதலில் சொன்னது தெரியும், பிறகு சொன்னது தெரிஞ்சிருக்கும், இதில் எது அவருடைய கருத்து... நூஹு பேனையைப் படிவத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எதிரே இருந்த முருகேசுவைப் பார்த்தார். கரைவலை இழுத்த மனிதர், சுனாமியில் அடித்து வந்த கூரைத் தகடு இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டது, கையைக் கட்டிக்கொண்டு, தான் சொன்னது எழுத்தில் ஏறும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கல்முனையில் பார்வையற்றோர் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறை அது, சனிக்கிழமை காலை, மின்விசிறி ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றியது. முப்பத்தொரு வருடம் அரசாங்க மருந்துச்சாலைகளில் மருந்து கலந்தும் புண் கட்டியும் ஓய்வுபெற்ற நூஹு சனிக்கிழமைகளில் இங்கே வந்து கடிதம் வாசித்துக் கொடுப்பார், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். இன்றைக்கு வேலை வேறு. கொழும்பில் ஓர் அமைப்பு சங்கத்துக்கு ஒலிநூல் ஒன்று அனுப்பியிருந்தது, ஒன்பது சீடி, அமெரிக்க ஜனாதிபதி லிங்கனை நாடகக் கொட்டகையில் வைத்துச் சுட்ட சரித்திரம், கதை சொல்வதுபோலத் தமிழில் வாசித்திருந்தார்கள், கேட்டவர்கள் கருத்துச் சொன்னால்தான் அடுத்த நூல் வருமாம். சொல்வதை எழுதி, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் வாங்க வேண்டும். யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சந்தியில் கட்டிய கொடிகள் இன்னும் கழற்றாமல் கிடக்கின்றன, இந்த நேரம் பார்த்து யார் இந்தப் புத்தகத்தைத் தெரிவு செய்தார்கள், வேறு சரித்திரமே அவர்களுக்குக் கிடைக்கவில்லையா...

முருகேசு தொடக்கத்தில் நல்ல பிள்ளை போலத்தான் கருத்துச் சொன்னார். வாசித்தவரின் குரல் கணீரென்று இருக்கிறது, ஆனால் துவக்கு வெடிக்கிற இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டார், அதை வெட்டியிருக்கலாம் என்றார். கொலைகாரன் தோணியில் ஆற்றைக் கடக்கப் போய், ஓட்டம் இழுத்து, புறப்பட்ட கரைப்பக்கமே போய்ச் சேர்ந்த கட்டத்தை அவர் நாலு தரம் போடச் சொல்லிக் கேட்டிருந்தார், தண்ணி ஏறுற நேரம் தெரியாமத் தோணி இறக்கினவனுக்கு அதுதான் நடக்கும் ஐயா, எழுதுங்க என்று சிரித்தார், நூஹுவும் சிரித்துக்கொண்டு எழுதினார். சிக்கல் அந்த வைத்தியரில் வந்தது. சுட்டுவிட்டு மேடையில் குதித்தபோது கொலைகாரனுக்கு இடது கால் முறிந்தது, விடியுமுன் ஒரு கிராமத்து வைத்தியரின் கதவைத் தட்டினான், வைத்தியர் சப்பாத்தை வெட்டிக் கழற்றி, மட்டை வைத்துக் கட்டிப் படுக்கவும் விட்டார், பிறகு விசாரணைக்காரரிடம் ஆளை எனக்குத் தெரியாது, முகத்தை மூடியிருந்தான் என்றார், இருவரும் முன்பே சந்தித்தவர்கள் என்று சாட்சி வந்தது, தீவுச் சிறையில் நாலு வருடம்போலக் கிடந்து மன்னிப்பில் வெளியே வந்தார். ஐந்தாவது சீடி முழுக்க இதுதான். அந்தச் சீடியைப் போட்டதும் நூஹுதான், நிறுத்துவதற்குக் கை போகப் போக நிறுத்தாமல் இருந்ததும் நூஹுதான். "தெரியும் ஐயா. காலைத் தொட்டுக் கட்டுற மனிசனுக்கு ஆளைத் தெரியாமப் போகுமா?" என்று முருகேசு கேட்டார். போகும், போகாதா, முப்பத்தொரு வருடத்தில் எத்தனை கால், எத்தனை கை, முகத்தையா பார்த்தோம், புண்ணைத்தானே பார்த்தோம்... தெரிந்திருக்கும் என்றே எழுதினார், வாசித்துக் காட்டினார், முருகேசு ஓம் என்று பெருவிரலைக் கொடுத்தார்.

நூஹு கட்டிய அந்தக் காலும் இடது கால்தான். சுனாமி வந்து இரண்டு மாதம், கல்முனைக்குடியில் கடலைப் பார்த்து நின்ற வீடு அத்திவாரமாகிவிட, நூஹுவும் மனைவி றாஹிலாவும் சவளக்கடை என்ற ஊரில் உறவினர் வீடொன்றில் இருந்தார்கள், சுற்றிவர வயல், பெரும்போக நெல் வெட்டு தொடங்கியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும். வாசல் படலையில் ஒருவன் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான், இருபத்தைந்து, முப்பது வயது, கணுக்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. விழுந்துட்டன், கொஞ்சம் கட்டிவிடுங்க என்றான், அவ்வளவுதான், அதில் இருந்து அவன் நம்மட முஸ்லிம் ஆளா தமிழ் ஆளா என்று எப்படித் தெரியும், இந்தக் கரையில் அந்தளவு சொல்லை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். எங்கே விழுந்தாய் என்று கேட்டாரா, கேட்டிருப்பார், வழக்கமாகக் கேட்பார், அவன் சொன்ன பதில் ஏன் ஞாபகத்தில் இல்லை. வாங்குப் பலகையில் இருத்தி, துணி கிழித்து, மட்டை வைத்துக் கட்டினார். அவன் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான், நோவில் திருப்பினானா, சட்டையில் தீக்குச்சி உரசினாற்போல ஒரு மணம், அது அப்போது வந்ததா அல்லது பிறகு யோசித்து யோசித்து நான் வரவழைத்ததா... அகதி முகாமில் புண் கட்டிய நாட்களில் வரிசையில் இந்த முகம் நின்றதோ என்று ஒரு கணம் நினைத்தார், அல்லது அதையும் பிறகுதான் நினைத்தாரா, இந்தப் பிறகு என்பது எல்லாவற்றையும் கலக்கிவிட்டது, சேறு கலக்கிய தண்ணீரில் எது முன்னே கிடந்தது, எது பின்னே விழுந்தது என்று யார் சொல்வது. றாஹிலா தேத்தண்ணி கொண்டு வந்தபோது அவன் போயிருந்தான்.

ஒன்பது மணிக்கு நெல் ஏற்ற வந்த லொறிக்காரன் செய்தியைக் கொண்டுவந்தான், பதியுதீன் அதிபரைச் சுட்டுவிட்டார்கள், விடியற்காலைச் சுபஹு தொழுகைக்கு நடந்து போன வழியில், சுட்டவன் பள்ளிக்கூட மதிலால் குதித்து ஓடினானாம், குதித்தவன் நொண்டினானாம். முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தின் அதிபர் பதியுதீன், யார் யாருக்கு வீடு என்று பட்டியல் எழுதிய குழுவுக்கும் அவர்தான் தலைவர், பட்டியலில் விடுபட்டவர்கள் ஏசினார்கள், வேறு யார் யாரோ மிரட்டினார்கள் என்றும் கதை இருந்தது, சுட்டது யாரென்று இன்றைக்கும் ஊருக்குத் தெரியாது. நூஹு உள்ளே வந்தார். வாங்கின் கீழே ஒரு செருப்பு கிடந்தது, இடது கால் செருப்பு, கட்டுப்போட்ட கால் அதற்குள் நுழைந்திராது. அதை ஒரு தாளில் சுற்றி வளவின் கோடியில் இருந்த பாழுங்கிணற்றில் போட்டார். ஆளைத் தெரியாதவன் செருப்பை ஏன் கிணற்றில் போட வேண்டும்... ஆனால் சொன்னால் என்ன நடந்திருக்கும், தமிழ் ஆள் என்று ஒருவன் சொல்லியிருந்தால் பின்னேரத்துக்குள் எந்தத் தெருவில் எந்தக் கடை எரியும், நம்மட ஆள் என்று சொல்லியிருந்தால் எந்தக் குடும்பத்தின் மேல் எந்தக் குடும்பம் ஏறும், ஒரு கணுக்காலை வைத்துக்கொண்டு இதையெல்லாம் நான் தொடங்கி வைப்பதா, ஊருக்காகத்தானே வாயை மூடினேன். பொலிஸார் வந்து முகாமில் வேலை செய்த எல்லோரையும் விசாரித்தார்கள், அன்று காலை முகாமடியில் என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள், நான் அங்கே இல்லை, ஒன்றும் காணவில்லை என்றார், அது உண்மை, ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அவர்கள் சவளக்கடையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாலு வருடமாக அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

அடுத்தது ஆமினா உம்மா. பதியுதீன் அதிபரின் மனைவி. கண் நரம்பு கெட்டு, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டு வருடத்துக்கு முன் முழுதாக நின்றுவிட்டது. அவர் கதிரையைத் தடவி வந்து இருந்து, முக்காட்டைச் சரிசெய்து, தொண்டையச் செருமாமத் தொடங்குறன் என்றார், அது முருகேசு சொன்னதற்கான பகிடி, மூலையில் இருந்த முருகேசு சிரித்தார். நூஹு சிரிக்க மறந்தார். இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்தப் புத்தகத்தைப் போட்டுக் கேட்பித்தேன், வேண்டாம் ராத்தா, இது சுடுற கதை என்று முதல் சீடியிலேயே நூஹு சொல்லியிருந்தார், பரவாயில்ல, கேப்பம் என்று ஆமினா உம்மாதான் இருந்தார். இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னார், குரல் நல்லம், பெயர்கள் கூடிப் போய்விட்டன, எட்டாவது சீடி இழுபறி. பிறகு லிங்கனின் மனைவியைப் பற்றிச் சொன்னார், குண்டு பட்டவரைத் தூக்கிப் போட்ட வீட்டின் முன்னறையில் அவளை இருத்திவிட்டு அதோடு புத்தகம் அவளை மறந்துவிட்டது, செத்தவரைப் பற்றியும் கொன்றவனைப் பற்றியும் ஒன்பது சீடி, அடுத்த நாள் அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை, அதை எழுதச் சொன்னார். நூஹு அதை எழுதினார், எழுத்து சாய்ந்தது, நிமிர்த்தினார். முடிந்தது என்று நினைத்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"அந்த டொக்டரப் பத்தியும் எழுதுங்க தம்பி. கால் கட்டினது பிழையெண்டு நான் செல்லமாட்டன். நோவோட வந்தவன்ட காலக் கட்டத்தான் வேணும். ஆளத் தெரியுமா தெரியாதா எண்டு முருகேசு சண்டை புடிக்கார், அது அந்த மனிசனுக்கும் படைச்சவனுக்கும் இடையில. ஆனா அண்டைக்குப் பின்னேரம் டவுனுக்குப் போனாரே. ஜனாதிபதியச் சுட்ட கதையக் கேட்டுட்டுத்தானே வீட்ட வந்தார். அப்ப செல்லியிருக்கலாம். ஏன் செல்லல்ல?"

நூஹுவின் பேனை ஓடியது, ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், நாலு வருடம், அந்தக் காலை, அந்த முகம், தெரிந்ததா தெரியாததா, இந்த ஒரு கேள்விக்குள்ளேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தேனே, ஏழு மணியைத்தானே திரும்பத் திரும்பத் தோண்டினேன், இவர் கேட்பது ஒன்பது மணியை, லொறிக்காரன் வந்த பிறகு, செருப்பைக் கண்ட பிறகு, அதில் என்ன குழப்பம், அதில் கலங்கிய தண்ணீர் எங்கே இருக்கிறது, எல்லாம் தெளிவாகத்தானே கிடக்கிறது... இவருக்குத் தெரியுமா, யாரும் சொல்லியிருப்பார்களா, றாஹிலா? றாஹிலா சொல்ல மாட்டாள். புத்தகத்தைப் பற்றித்தான் சொல்கிறார், வேறொன்றும் இல்லை, பார்வையில்லாதவரின் முகத்தில் எதை வைத்து இதைக் கண்டுபிடிப்பது, அவர் முகம் எப்போதும் போலத்தான் இருக்கிறது, மின்விசிறியின் காற்றுக்கு முக்காட்டின் ஓரம் மட்டும் அசைகிறது.

எழுதினதை வாசியுங்கள் என்று ஆமினா உம்மா கேட்டார். நூஹு வாசித்தார், குரல், பெயர்கள், எட்டாவது சீடி, லிங்கனின் மனைவி, பிறகு வைத்தியர், கால் கட்டியது பிழையில்லை, வலியோடு வந்தவனுக்குக் கட்டத்தான் வேண்டும், ஆளைத் தெரியுமா தெரியாதா என்பது அவருக்கும் படைத்தவனுக்கும் இடையிலான விடயம். அதோடு தாள் முடிந்தது. தாள் முடியவில்லை, கீழே மூன்று கோடு வெறுமையாக இருந்தது, எழுத்துத்தான் முடிந்திருந்தது.

"நான் கடைசியாச் செல்லினது வரல்லயே தம்பி" என்றார் ஆமினா உம்மா, கோபமாக இல்லை, கடையில் சாமான் ஒன்று குறைந்ததைச் சொல்வதுபோல.

எழுதினேனே, பேனை ஓடியதைப் பார்த்தேனே, நூஹு தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. எப்போது விட்டது கை, விடு என்று யார் சொன்னது, நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, கேட்டேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது, எழுதும்படி ராத்தா எதிரே இருந்து சொன்னார், அப்படியிருந்தும் எழுதவில்லை. அப்படியானால் பொலிஸார் சவளக்கடையைப் பற்றிக் கேட்டிருந்தால்... ஊருக்காக என்றது, கடைகள் எரியும் என்றது, அவையெல்லாம் மெய்தானா, மெய்யாகவும் இருக்கலாம், ஆனால் இந்த அறையில் எந்த ஊர் எரியப் போகிறது, ஒரு படிவம், அமெரிக்காவில் எப்போதோ செத்துப்போன ஒரு வைத்தியர், இதைக்கூடக் கை எழுதவில்லையே. அவர் பேனையை எடுத்து வெறுங்கோட்டில் எழுதினார், செய்தியைக் கேட்ட பிறகு சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை. கேள்விக்குறியும் போட்டார். எழுதிட்டன் ராத்தா, விரலைத் தாங்க என்று சொல்லி மைத்தட்டை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் மிச்ச வேலை, பிறகு பாங்கு சொல்லும், பள்ளிக்குப் போகலாம்.

"ராத்தா" என்றார்.

மைத்தட்டை நகர்த்தப் போன கை, அதை விட்டுவிட்டுப் பேனையை மூடிப் படிவத்தின் மேல் வைத்தது. ஆமினா உம்மா நீட்டிய பெருவிரலை மெல்ல மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சற்றுச் சரித்து, அவர் பக்கம் காதைக் கொடுத்தார்.