பதினான்காம் பக்கத்துச் சுருக்கொப்பம்

மதியம் இரண்டு மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைமாட்டில் சட்டப் பள்ளியின் முதல்வர். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, சிறப்பு அழைப்பாளராக வந்திருந்த ஓய்வுபெற்ற குற்றவியல் பேராசிரியர்; மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் குண்டூசி. அவருக்குப் பக்கத்தில் நூலகர், காதில் பென்சிலோடு. கதவோரம், பாதி நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருந்தவர் மாலைப் பிரிவு மாணவர்களின் பிரதிநிதியான நர்ஸம்மா. ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். முதல்வருக்கு இடப்புறம், நடவடிக்கைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அலுவலகக் கண்காணிப்பாளர். அவள்தான் குழுவின் உறுப்பினர் செயலாளரும்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவைப்பது அவளுடைய வழக்கம். ‘நான் அன்னிக்கு வரவே இல்லையே’ என்று பின்னால் கையை விரிக்கிற வக்கீல்களை முப்பத்தோரு வருடம் பார்த்ததில் வந்த வழக்கம்.

முதல்வர் அவளுக்குக் கொழுந்தன் முறை மட்டுமல்ல, கொழுந்தனேதான். அவள் கணவருடைய கூடப் பிறந்த தம்பி. அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’. வாசலைத் தாண்டிவிட்டால் ‘அண்ணி’, ‘தம்பி’. இந்தக் கோட்டை இருவரும் ஒருநாளும் அழித்ததில்லை.

பத்து வருடத்துக்கு ஒருமுறை சட்டக் கல்விக் கவுன்சில் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும். அதற்குப் பள்ளியின் வரலாறும் விவரமும் அடங்கிய புத்தகம் ஒன்றை அனுப்ப வேண்டும். புத்தகத்தில் இல்லாத வகுப்பு பள்ளியிலும் இல்லை என்பது கவுன்சிலின் கணக்கு. அதை ஏற்று அனுப்பத்தான் இந்தக் கூட்டம்; அன்றுதான் கடைசி நாள், அன்றைய தபால் முத்திரையோடு போனால்தான் செல்லும்.

அந்த வரலாற்றை எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். பல்கலைக்கழகத்தின் பழைய மருந்துக் கிடங்கில் இரண்டு அறையில் பள்ளி தொடங்கியது, முதல் நூலகம் ஒற்றை பீரோவாக இருந்தது, கூரை ஒழுகிய வருடம் குடை பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதியது, எல்லாவற்றையும் பூச்சி அரித்த பதிவேடுகளிலிருந்து கிளறி எடுத்திருந்தாள். பதினான்காம் பக்கம் முழுக்க மாலைப் பிரிவு. பகலெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், கடிதம் விநியோகித்தவர், காவலாளியாக நின்றவர் என்று இருபத்தாறு வருடமாக மாலை ஐந்தரைக்கு வந்து படித்துப் பட்டம் வாங்கியவர்களின் பக்கம். அவள் கொழுந்தனும் அதில் ஒருவன். பகலில் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, மாலையில் படித்துவிட்டு, நான்கு வருடம் அவள் வீட்டில் சாப்பிட்டு, அவள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவன்.

புதுப் புத்தகம் மை வாசனையோடு கைக்கு வந்ததும் அவள் நேராகப் பதினான்காம் பக்கத்தைப் புரட்டினாள். கட்டடத்தின் பெரிய படம் ஒன்று. அதன் கீழே ஒரே ஒரு வரி: ‘தொடக்க ஆண்டுகளில் மாலை நேரப் பயிற்சி வகுப்புகளும் நடைபெற்றன.’

“சார், பதினாலாம் பக்கத்துல அச்சுப்பிழை” என்றாள். “பட்ட வகுப்புன்னு வரணும். பயிற்சி வகுப்புன்னு விழுந்திருக்கு. மத்த பத்தியெல்லாம் காணோம்.”

“ஒரு வார்த்தை வழுக்கி விழலாம்மா. பத்து பத்தி எப்படி சேர்ந்து விழும்?” என்றார் குண்டூசி.

“பிழை எதுவும் இல்ல. சுருக்கியிருக்கோம்” என்றார் முதல்வர், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

நர்ஸம்மா எழுந்தே விட்டார். “பயிற்சி வகுப்புன்னா என்ன சார் அர்த்தம்? நாங்க அறுபத்திரண்டு பேர் மூணு வருஷமா என்ன, தையல் கிளாஸுக்கா வந்துட்டிருக்கோம்? இது போச்சுன்னா எங்க பட்டம் செல்லாதே!”

“பகல் பிரிவுக்கு மாத்திக்கலாம். வழி பண்றேன்.”

“பகல்ல ஊசி நீங்க வந்து போடுவீங்களா சார்?”

நூலகர் சிரிப்பை அடக்க முடியாமல் பென்சிலைக் கீழே போட்டு, அதை எடுக்கக் குனிந்தார்.

குண்டூசி தன் பேருக்கு ஏற்றபடி மெல்லக் குத்தினார். “துணைவேந்தர் பட்டியல்ல மூணு பேராம். அதுல ஒருத்தர எவனோ ‘ராத்திரி வக்கீல்’னு கிண்டல் பண்ணானாம். அதுக்காக ஒரு வகுப்பையே துடைச்சிட முடியுமா?”

“சார், உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல.”

“தெரியும்ப்பா. டீ மட்டும்தான்.”

அவள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். முதல்வரைப் பற்றிய குறிப்பு. ‘இப்பள்ளியின் முன்னாள் மாணவர்’ என்று இருந்தது. எந்த நேரத்து மாணவர் என்று இல்லை.

அப்போதுதான் முதல்வர் தன் கோப்பிலிருந்து அச்சகப் புரூஃப் கட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். “நான் தனியா எதுவும் பண்ணல. புரூஃப் பார்த்தது மேடம்தான். பதினாலாம் பக்கத்துலயும் அவங்க சுருக்கொப்பம் இருக்கு, பாருங்க.”

இருந்தது. வலது ஓரத்தில், அவளுடைய இரண்டெழுத்து, அதன் கீழே அவள் போடுகிற சின்னக் கோடு.

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் கொழுந்தன் அவள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. அவள் ஏற்கெனவே படித்து ஒப்பமிட்ட கட்டில் நாலைந்து தாள் மட்டும் புதிது. “பக்க எண் மாறியிருக்கு, அவ்ளோதான் அண்ணி. டீ ஆறுறதுக்குள்ள போட்டுக் குடுங்க, அச்சகத்துல காத்திருக்காங்க.” கணவர் ஏதோ பழைய கதையைச் சொல்லித் தம்பியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் தாளின் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கி ஒப்பம் போட்டாள். படிக்காமல் ஒரு தாளில் அவள் ஒப்பமிட்டது வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

நர்ஸம்மா அவளைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இவளும் கூட்டாளிதானா என்ற வெறும் வியப்புதான் இருந்தது.

“ஒருமனதாக ஏற்கப்பட்டதுன்னு எழுதிக்குங்க மேடம்” என்றார் முதல்வர்.

“எத்தனை ஓட்டு?” என்று கேட்டாள்.

“மூணு. நான், நூலகர், நீங்க. மாணவர் பிரதிநிதிக்கு ஓட்டு கிடையாது.”

“சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் நூலகர், பென்சிலைப் பார்த்துக்கொண்டு.

அவள் எழுதினாள். எழுதியதை, வழக்கம்போல, வாய்விட்டுப் படித்தாள்: “இருவர் ஏற்றனர். செயலாளர் மறுத்தார்.”

குண்டூசி தொண்டையைச் செருமினார். “மறுத்தவங்க தன் குறிப்பை நேரா கவுன்சிலுக்கே அனுப்பலாம். விதி இருக்கு. ஆனா புத்தகம் போற அன்னிக்கே அதுவும் போகணும்.”

மணி இரண்டே முக்கால். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் நாலரை வரைதான்.

அவள் தன் அறையில் பதிவேட்டு நகல்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதல்வர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “அண்ணி” என்றார். அந்தக் கட்டடத்துக்குள் அவள் அந்தச் சொல்லைக் கேட்டது அன்றுதான்.

“கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க அண்ணி. அந்த நாற்காலி கெடைச்சதும் மாலை வகுப்ப நானே திரும்ப ஆரம்பிக்கிறேன்.”

“திரும்ப ஆரம்பிக்கறதுக்காகவா இப்ப மூடுற?”

“உங்களுக்கு இன்னும் மூணு மாசம்தான் வேலை. படிக்காம ஒப்பம் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா விசாரணை வைப்பாங்க. இத்தன வருஷப் பேரும் போயிடும்.”

“போகட்டும்.”

“அண்ணன்கிட்ட என்ன சொல்வீங்க?”

அவள் கட்டின் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். “நீ கவுன்சில ஏமாத்தியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன் தம்பி. பதவி ஆச வந்துச்சு, புத்தி கெட்டுச்சுன்னு. ஆனா நீ என்ன பண்ணியிருக்க? உலகத்துல யாரு குடுத்தாலும் நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உங்கிட்ட மட்டும் படிக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டு வந்திருக்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் திண்டில் கிடந்த ஒரு கிளிப்பை எடுத்து நிமிர்த்தினான், வளைத்தான், மறுபடி அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனான்.

கடிதம் ஒரு பக்கம்தான். வரிசை எண் போட்டே எழுதினாள். ஒன்று, மாலைப் பட்ட வகுப்பு இருபத்தாறு ஆண்டுகளாக இடைவிடாமல் நடக்கிறது. இன்றும் அறுபத்திரண்டு பேர் படிக்கிறார்கள். இரண்டு, புத்தகத்தின் பதினான்காம் பக்கம் அதை மறைக்கிறது. மூன்று, அப்பக்கத்தின் புரூஃபில் உள்ள சுருக்கொப்பம் என்னுடையது, படிக்காமல் இட்டேன், கொண்டுவந்து கொடுத்தவர் முதல்வர், அவர் என் கணவரின் தம்பி என்பதால் படிக்கவில்லை, தவறு என்னுடையதும்தான். நான்கு, இணைப்பு: சேர்க்கைப் பதிவேடுகளின் நகல், இருபத்தாறு.

நான்காவதை எழுதியதும் பேனா நின்றது. மூன்றாம் ஆண்டுப் பதிவேட்டில் பத்தொன்பதாவது வரிசையில் கொழுந்தனின் பெயர். தொழில்: அச்சகப் பிழை திருத்துநர். பாதுகாவலர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து. அந்த ஒரு தாளை உருவி எடுத்துவிட்டு இருபத்தைந்து என்று மாற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தாளை வெளியே இழுத்தும் விட்டாள். ஒரு தாளை மாற்றித்தானே அவனும் இதைச் செய்தான் என்று தோன்றியதும், இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகினாள்.

இந்த முறை எல்லாத் தாளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

தபால் நிலையத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. தானே நடந்தாள். நாலே காலுக்குக் கவுன்டரில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர். நிற்கும்போது கண் இரண்டு தடவை நிறைந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

“கனமா இருக்கேம்மா. முக்கியமானதா?” என்று கேட்டார் கவுன்டர்க்காரர்.

“ஆமா சார். இன்னிக்கு முத்திரை விழணும்.”

அவர் உறை மூடியின் ஓரத்தை இன்னொரு முறை பசை தடவி அழுத்தினார். முத்திரை தேதியோடு தெளிவாக விழுந்ததா என்று அவள் எட்டிப் பார்த்தாள். விழுந்திருந்தது. அவர் உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டுவிட்டு, ரசீதை அவள் பக்கம் நகர்த்தினார்.